செவ்வாயில் ஈரம்

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம். ஆரணி கிளை நூலகத்தில் காலை நாளிதழ்களைக் கழியில் செருகிக்கொண்டிருந்தபோது செவ்வாய்க் கிரகத்தின் தரையை முதல் தடவையாகப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படம். கல்லும் மண்ணுமாக ஒரு பொட்டல், அதற்கு மேல் வெறும் வானம். அமெரிக்கர்கள் அனுப்பிய யந்திரம் ஒன்று அங்கே இறங்கி, தன் காலடியில் கிடந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருந்தது. மண்ணைத் தோண்டி, உயிர் உண்டா, தண்ணீர் உண்டா என்று அது பார்க்கப் போகிறதாம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நூலகத்தில் உதவியாளர் வேலை. நெசவாளர் தெருவில் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. கணவர் பட்டுப் புடவை நெய்கிறவர். வீட்டில் மாமியார், நாங்கள் இருவர். அதற்கு முந்தின வருஷம் வரை நாலு பேராக இருந்தோம்.

பத்து மணி வாக்கில் ஒருவர் உள்ளே வந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினார்கள். இவர் திருப்பவில்லை. கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். முதுகைப் பார்த்தே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊரில் அவரைத் தேசூர்க்காரர் என்பார்கள். நிலத்தடியில் நீரோட்டம் பார்க்கிறவர். மட்டை உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு மனையில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். அடியில் தண்ணீர் ஓடும் இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அவர் குச்சி நட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவர்கள் தெள்ளார் வரைக்கும் உண்டு. எங்கள் வீட்டுத் தோட்டத்திலும் அவர்தான் குச்சி நட்டார். அந்தக் கிணற்றில் என் கொழுந்தன் செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

அவர் என் மேஜைக்கு வந்தார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"இந்தப் படம் இன்னும் கொஞ்சம் தெளிவா வேற எதுலயாச்சும் வந்திருக்காம்மா?"

"இல்லீங்க" என்றேன்.

ஆங்கில நாளிதழ் என் கைக்குக் கீழேயே இருந்தது. அதில் படம் பெரிதாக வந்திருந்தது. வருகைப் பதிவேட்டை அதன்மேல் நகர்த்தி வைத்தேன்.

"ஈரம்னு ஏதாச்சும் போட்டிருக்காங்களா?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஒரு தகவல் கேட்கிறவரின் முகம்தான் இருந்தது.

"தெரியலீங்க" என்றேன். அவர் போய்விட்டார்.

என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன். அப்படித்தான் எட்டு வருஷம் விட்டேன்.

எழுபத்தைந்து கோடையில் கமண்டல நாகநதியில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. ஊற்று தோண்டி உட்கார்ந்தால் ஒரு குடம் நிரம்ப அரைமணி ஆகும். கொழுந்தன் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவன். இருபத்திரண்டு வயது. சாயத்துக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் நூலைத் தோய்த்தால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். எங்கள் பழைய கிணறு முதலில் உப்பானது, பிறகு வற்றியே போனது. புதுக் கிணறு வெட்டலாம் என்று தேசூர்க்காரரை அழைத்தார்கள். தோட்டத்துக் கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. இருபத்தெட்டு அடியில் தண்ணீர் என்றார்.

இருபதில் பாறை வந்தது. வெடி வைத்து உடைத்தார்கள். இருபத்தெட்டும் ஆயிற்று, முப்பத்தைந்தும் ஆயிற்று. பாறை காய்ந்தே கிடந்தது. நீங்களே வந்து பாருங்கள் என்று அவருக்கு ஆள் விட்டார்கள்.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கு விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். கணவர் நெய்து முடித்த புடவையைக் கொடுக்கப் போயிருந்தார். மாமியார் தெருப்பக்கம் ஊடைக்கு, அதாவது குறுக்கிழைக்கு, நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பகல் பன்னிரண்டுக்கு வெடி வெடித்தது. கிணறு வெட்டுகிறவர்கள், "சாயந்தரம் வரைக்கும் யாரும் எறங்காதீங்க, புகை போவணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தேசூர்க்காரர் கொய்யா மரத்தடியில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

கொழுந்தனுக்குப் பொறுமை இல்லை. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றான். காலையிலிருந்து பாறைத் தூசி பட்டு அவன் கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பழைய கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணி, புகை போயிடுச்சா கொஞ்சம் பாருங்களேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

அடுப்பில் பருப்பு கிடந்தது. கையெல்லாம் சாம்பல். எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று இப்போது நினைத்தால், ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. உள்ளே இருட்டு, அடியில் உடைந்த கல். வெள்ளையாக எதுவும் தெரியவில்லை.

"போயிடுச்சு தம்பி. ஒண்ணும் தெரியல" என்றேன்.

தேசூர்க்காரர் மரத்தடியிலிருந்து சொன்னார்: "கொஞ்சம் இருப்பா. சாயந்தரம் பாத்துக்கலாம்."

"தண்ணி இல்லன்னு தெரிஞ்சுடும்னு பயமா இருக்கா?" என்று கொழுந்தன் சிரித்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவன் இறங்கினான். நான் பாத்திரத்துக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஈரம் இருக்கு அண்ணி."

இன்னொரு தடவையும் சொன்னான். இரண்டாவது தடவை "அண்ணி" இல்லை. "ஈரம் இருக்கு" என்பது மட்டும், சற்று இழுத்த மாதிரி, தூக்கத்தில் பேசுகிறவன் போல. அதற்குப் பிறகு கயிறு ஆடவில்லை.

கண்ணுக்குத் தெரியும் புகை போனாலும் வெடியின் விஷவாயு அடியில் தங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தேசூர்க்காரர் தெருவுக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தார். தானே இறங்கப் போனவரை நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுத்து உள்ளே காற்று விட்டார்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் வாயு அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். தெருவில் எந்த வீட்டிலும் ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் இல்லை.

அவனை மேலே கொண்டுவந்து கிடத்தியபோது பாதத்தில் மண் ஒட்டியிருந்தது. நான் கால்மாட்டில்தான் இருந்தேன். அது ஈரமண்ணா, வியர்வையில் ஒட்டிய தூசியா என்று தெரியவில்லை. தொட்டுப் பார்க்கத் துணியவில்லை.

கிணற்றின் அடியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. வெட்டி எடுத்த கல்லையே திரும்ப உள்ளே போட்டு நிரப்பி, மேலே ஒரு பலகைக்கல்லை வைத்து மூடிவிட்டார்கள். இல்லாத தண்ணீருக்கு இடம் குறித்து ஒரு உயிரை வாங்கிவிட்டான் என்று ஊர் தேசூர்க்காரரைச் சபித்தது. நானும் சேர்ந்து சபித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சபித்தேன் என்று நினைக்கிறேன். நான் எட்டிப் பார்த்ததும் சொன்னதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்தான் நூலகத்துக்கு வந்துபோனார்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். பிறகு வாரம் தவறாமல் வந்தார். நீரோட்டம் பார்ப்பதை விட்டுவிட்டு ஆரணியிலேயே ஒரு அரிசி ஆலையில் நெல் காயவைக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தார். களத்தில் நெல்லைத் துழாவிவிட்டு, காலில் உமியோடு வருவார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தமிழ்ப் பத்திரிகைகளில் செவ்வாய்ச் செய்தி சுருங்கிக்கொண்டே வந்து, ஆவணியில் நின்றே போனது. ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மேஜைக்கு வந்து கேட்டார்: "அவங்க அங்க தண்ணிய எப்படிம்மா பாக்கறாங்க? எத வெச்சிப் பாக்கறாங்க?"

அன்று ஏன் பதில் சொன்னேன் என்று தெரியாது. பயம்தான் காரணமாக இருக்கும். அவர் வாயைத் திறந்தால் என் வாழ்க்கை போய்விடும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். பதிவேட்டுக்கு அடியிலிருந்த ஆங்கிலத் தாளை எடுத்து வைத்துப் படித்துச் சொன்னேன். யந்திரத்துக்கு ஒரு கை உண்டு, அது மண்ணை அள்ளி உள்ளே ஒரு சிறு அடுப்பில் போட்டுச் சூடாக்கும், நீராவி வருகிறதா என்று பார்க்கும் என்றேன்.

"மண்ண வறுத்துப் பாக்கறாங்க."

"ஆமாங்க."

"வந்துச்சா?"

"கொஞ்சம் வந்துச்சாம். மண்ணோட ஒட்டிகினு இருந்தது. பாக்கறதுக்குக் காஞ்ச மண்ணாத்தான் இருந்திருக்கு."

அவர் உதடு மட்டும் அசைந்தது. பிறகு "வரேம்மா" என்று போனார்.

இன்னொரு நாள் வேறொரு படம். மேலே சுற்றிவரும் கலம் எடுத்தது. காய்ந்த வாய்க்கால்களும் கிளை பிரியும் ஓடைகளும் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தன. ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள் என்றேன். அவர் விரலால் தடத்தைத் தடவிக்கொண்டே போனார். "இது ஆறுதான். இதுல இன்னா சந்தேகம்? வெள்ளம் இந்தப் பக்கமா வந்திருக்கு, இங்க மோதி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு" என்றார். பிறகு, "இத்தினி தண்ணியும் எங்கம்மா போச்சு?" என்றார்.

துருவத்தில் உறைந்து கிடக்கிறது, மீதி மண்ணுக்குள் இறங்கியிருக்கலாம் என்று எழுதியிருந்ததைச் சொன்னேன்.

"கீழ போயிருக்கும்" என்று தலையாட்டினார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. கணவர் விடிந்தால் தறிக்குழியில் காலை விட்டு உட்காருவார், பொழுது சாயும்வரை ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும் சத்தம்தான். மாமியார் ஒரு வழக்கத்தை ஆரம்பித்திருந்தார். பகலில் வேலை முடிந்ததும் தோட்டத்துக்குப் போய், மூடின கல்லின்மேல் பக்கவாட்டில் படுத்துக் காதை வைப்பார். வெயிலில் அந்தக் கல் சுடும். முந்தானையை நாலாக மடித்துக் கன்னத்துக்குக் கீழே போட்டுக்கொள்வார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "வா, நீயும் கேளு. கீழ ஓடுது."

நான் மண்டியிட்டுக் காதை வைத்தேன். கல்லின் சூடு காதைப் பொசுக்கியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மிக ஆழத்தில், துணி நனைந்து சொட்டுகிற மாதிரி ஒன்று. என் ரத்த ஓட்டமாக இருக்கலாம். தெருவில் யாரோ குடம் வைத்ததாகவும் இருக்கலாம்.

"கேக்குதா?"

"கேக்குது அத்தை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்று இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டார். நான் பொய் சொன்னேனா, உண்மை சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டாவது முறையும் கவனமில்லாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டோம் என்று மட்டும் உறைத்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் கையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அந்தக் குரல் எனக்கு இரவில் வந்ததில்லை. பட்டப்பகலில்தான் வரும். நூலகத்தில் ஆளில்லாத மதிய நேரத்தில், அலமாரிக்குப் பின்னால் குனிந்து புத்தகம் அடுக்கும்போது, கழுத்துக்குப் பின்னால். "ஈரம் இருக்கு." கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது சந்தோஷமாக இருந்தது. நல்ல சேதியை முதலில் எனக்குச் சொல்கிற குரல்.

எழுபத்தேழில் ஒரு செய்தி வந்தது. செவ்வாயில் இரண்டாவதாக இறங்கிய யந்திரத்தைச் சுற்றி, குளிர்காலத்தில் கல்லின் நிழலில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. மெல்லிய படலம், காகிதத்தைவிடச் சன்னம். தேசூர்க்காரரிடம் படித்துக் காட்டியபோதுதான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். "பனி விழுந்திருக்கு பாருங்களேன். யாரும் தோண்டல, ஒண்ணும் பண்ணல. தானா வந்து ஒக்காந்துகினு இருக்கு" என்றார். அதை அவர் போகிற வழியில் வாசலில் யாரிடமோ திரும்பவும் சொன்னது கேட்டது.

அன்றோ அதற்கடுத்த வாரமோ நான் கேட்டேன்: "இதையெல்லாம் ஏன் கேக்கறீங்க? தெரிஞ்சி இன்னா பண்ணப்போறீங்க?"

அவர் கால்விரலில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இங்க தண்ணி இருக்குன்னு சொன்னா ஒருத்தன் எறங்கணும். அங்க இருக்குன்னு சொன்னா யாரும் எறங்க வேணாம். அதான்."

எழுபத்தொன்பதில் இன்னொரு கலம் வியாழனைத் தாண்டிப் போனது. வியாழனின் நிலவுகளில் ஒன்று முழுக்க ஐஸ், மேலே கோடு கோடாக விரிசல். அடியில் கடல் இருக்கலாம் என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் நீளமான கட்டுரை வந்தது. அதை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்: "ஐஸ ஒடைக்க வெடி வெப்பாங்களா?" வைத்தாலும் இப்போதைக்கு இல்லை, எல்லாம் யந்திரம்தான், ஆள் போகமாட்டார்கள் என்றேன். "போவக்கூடாது" என்றார்.

நிமிர்ந்தேன். கணவர் மேஜைக்கு எதிரில் நின்றிருந்தார்.

மாமியார் கலசப்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு நூல் வாங்கப் போகிற வழியில் சாவியைக் கொடுக்க வந்திருக்கிறார். சாவி கையில் இருந்தது.

"இது இன்னா?" என்றார் என்னைப் பார்த்து.

நாற்காலியை இழுத்துத் தேசூர்க்காரருக்கு முன்னால் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. வாசித்துக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிரக்கூட இல்லை.

"எத்தினி நாளா வந்துகினு இருக்க?"

"மூணு வருசமா வரேங்க. பேப்பர் சேதி கேக்க."

"ஒண்ணு கேக்கறேன். நாலு வருசமா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நீ அங்கதான நின்னுகினு இருந்த. ஆளுங்க எறங்காதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. என் தம்பி அவசரக்காரன், ஆனா முட்டாள் இல்ல. யாரோ புகை போயிடுச்சுன்னு சொல்லித்தான் எறங்கியிருக்கான். யாரு சொன்னது?"

தேசூர்க்காரர் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கண் ஒரு நூலளவுகூட என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தாங்க சொன்னேன்."

"பாத்துட்டுச் சொன்னியா?"

"எட்டிப் பாத்தேங்க. ஒண்ணும் தெரியல. போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

நான் சொன்ன அதே வார்த்தைகள். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். இரண்டு பேருக்கும் நடுவில், கையில் பத்திரிகையோடு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கணவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து, "இனிமே இங்க வராத" என்றார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேசூர்க்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "அந்த ஐஸ் சமாச்சாரம் பாதியில நிக்குதும்மா. மீதியச் சொல்லிடுங்க, போயிடறேன்."

மீதியைப் படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வரவில்லை. ஆலை வேலையையும் விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

கணவருக்கு அதற்குப் பிறகு கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரி இருந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டதல்லவா? தறியில் உட்கார்ந்து சில நாள் மெல்லப் பாடக்கூடச் செய்தார். அந்தப் பாட்டு எனக்குத் தண்டனையாக இருந்தது. நாலு வருஷம் கேட்டேன்.

எண்பத்து மூன்றில் மறுபடி வறட்சி. இந்தத் தடவை கிணறு வெட்டுகிறவர்கள் வரவில்லை, ஆழ்துளைக் குழாய் போடுகிற ரிக் வண்டி வந்தது. தெருவுக்குத் தெரு அதன் இரைச்சல்தான். கணவர் ஒரு மதியம் சாப்பிட்டு எழுந்து சொன்னார்: "நாமளும் போர் போட்டுடலாம். மூடி வெச்ச எடத்துலயே போடலாம்னு அம்மா சொல்றாங்க. அவன் ஈரம் இருக்குன்னுதான சொன்னான். ரெண்டு அடிதான் பாக்கியோ இன்னாவோ."

கொழுந்தன் சொன்ன அந்த வார்த்தையை நான்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் நான் சொன்னதைத்தான் சொல்லாமல் மறைத்திருந்தேன்.

எச்சில் தட்டு கையில் இருந்தது. அதை வைக்காமலே சொன்னேன். "அன்னிக்குப் புகை போயிடுச்சுன்னு சொன்னது நான். அவரு இல்ல. அவரு இருக்கச் சொன்னாரு."

கணவர் திரும்பித் தறிக்கு நடந்துகொண்டிருந்தார். நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நூலகத்துல, அவரு..."

"உன் வார்த்தையத்தான் தன் வார்த்தைன்னு சொன்னாரா?"

"ஆமாம்."

அவர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். நாடா ஓடவில்லை. பொழுது சாயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து நாற்பது நாளைக்கு மேல் என்னுடன் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. கடைசிவரை நாங்கள் இருவரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அந்தக் கல்லின்மேல் காதை வைத்துக்கொண்டேதான் அடுத்த வருஷம் வரை இருந்து போய்ச் சேர்ந்தார்.

போர் அந்த இடத்தில் போடவில்லை. வாசல் பக்கம் போட்டார் கணவர். ஆழத்தில் தண்ணீர் வந்தது, உப்பாக வந்தது. துணி துவைக்க ஆயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பிவந்து, என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை: "தேசூர் போனேன். அவரு இல்ல. மக வீட்டுக்குப் போயிருக்காராம்."

அடுத்த வாரமும் போனார். பார்த்தும் பேசாமல் தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டதாகச் சொன்னார். மூன்றாவது தடவை போனபோது இருவரும் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று முழுதாக எனக்குத் தெரியாது. "டீ குடிச்சோம்" என்றார். பல நாள் கழித்து, தலை வாரிக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். 'அந்த அம்மா எட்டிப் பாத்துட்டு, கண்ணுல பட்டதச் சொன்னாங்க. நான் கண்ணால பாக்காததயே இருக்குன்னு சொன்னவன். பெரிய தப்பு என்னுதுதான்'னு சொன்னாரு."

சீப்பை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. பேச ஆரம்பித்தோம், சேர்ந்து சாப்பிட்டோம், இரண்டு குழந்தைகளை வளர்த்தோம். சில மதியங்களில் நாடாவின் சத்தம் சட்டென்று நிற்கும். நான் எந்த அறையில் இருந்தாலும் கையிலிருப்பதை நிறுத்திவிடுவேன். மறுபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வரும்.

எண்பத்தாறில் வால் நட்சத்திரம் வந்தது. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. ஊரில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள், கண்ணால் கண்டவர்கள் குறைவு. அதன் பக்கத்திலேயே போய்ப் படம் எடுத்த கலங்களைப் பற்றி அந்தப் பங்குனியில் தினமும் செய்தி வந்தது. ஒரு பிற்பகல் நூலக வாசலில் இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். முன்னால் கணவர். பின்னால் தேசூர்க்காரர், பாதியாக மெலிந்து, கையில் ஊன்றுகோலோடு.

"வால் நட்சத்திரச் சேதி கேக்கணும்னாரு. கூட்டிகினு வந்தேன்" என்றார் கணவர்.

இருவரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் ஆங்கிலத் தாளை விரித்துக்கொண்டு அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்தேன். தாளை மடியில் வைத்துக்கொண்டேன். வால் நட்சத்திரத்தின் நடுவில் இருப்பது நிலக்கரியைப் போலக் கறுத்த ஒரு கட்டி என்று படித்தேன். மேலே கறுப்பு ஓடு, உள்ளே பெரும்பகுதி உறைந்த நீர். வெயில் படும் பக்கத்தில் ஓடு வெடித்து நீராவி பீறிட்டு வருகிறது. வந்தது நீர்தான் என்று உறுதியாகிவிட்டது.

"உறுதின்னு போட்டிருக்கா?" என்றார் தேசூர்க்காரர். "இருக்கலாம்னு இல்லியே?"

அந்த வரியை மறுபடி பார்த்தேன். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். "உறுதின்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

"அந்தத் தண்ணி குடிக்க ஆவுமா?"

"அது போடலீங்க. எனக்குத் தெரியாது."

"உப்பா இருக்கும்" என்றார் கணவர்.

தேசூர்க்காரர் மெல்லச் சிரித்தார். "மேல படிங்கம்மா" என்றார். படித்தேன். அது நீளமான செய்தி, இரண்டு பக்கத்துக்கு இருந்தது. இடையில் ஒரு தடவை நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். பெஞ்சு சின்னது. அதில் அவர்கள் இருவரும் ஆளுக்கொரு கோடியில் ஒடுங்கி, நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். யாரும் சொல்லி விட்ட இடம் இல்லை. ஒரு மாணவன் புத்தகத்தோடு வந்து அங்கே உட்காரப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தானோ, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு படித்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, விட்ட வரியைத் தேடிப் பிடித்து, கடைசி வரைக்கும் படித்தேன்.